கோலாலம்பூர் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வடிகட்டி பொருந்தும்?

புதிதாக வீடு வாங்கியவர்களும், பழைய தாமான் வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் கேட்டு எழுதும் கேள்விகளில் ஒன்று மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. வாசலில் மணல் வடிகட்டி வைப்பதா, சமையலறையில் ஆர்.ஓ. (நீரில் கரைந்த உப்பையும் சவ்வால் பிரிக்கும் கருவி) பொருத்துவதா, மாத வாடகைக்குக் குடிநீர் இயந்திரம் எடுப்பதா, இல்லை கொதிக்கவைத்துக் குடித்தாலே போதுமா என்பதுதான் அது. இதனுடன் வெளிநாட்டு ஆலோசனைகளும் சேர்ந்துகொள்கின்றன. சென்னையில் இருக்கும் சித்தப்பா, ஆர்.ஓ. இல்லாமல் எப்படித் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று வியக்கிறார். சிகாகோவில் வேலை பார்க்கும் மகன் நீரை மென்மையாக்கும் கருவியை வாங்கச் சொல்கிறான். இருவர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி. ஆனால் கோலாலம்பூர்க் குழாயில் வருவது வேறு தண்ணீர்.

## முதலில், இங்கே தண்ணீர் கடினமானதா?

நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவையே கடினத்தன்மை என்கிறோம். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 61 முதல் 120 வரை ஓரளவு கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்று வகுப்பது வழக்கம். மிச்சிகன் ஏரியிலிருந்து நீர் எடுக்கும் சிகாகோவில் இது 140 அளவில் இருக்கிறது. அந்த ஏரியைச் சூழ்ந்த நிலத்தில் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் நிறைந்திருப்பதே காரணம். சென்னையின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதைவிடவும் அதிகம்.

கோலாலம்பூருக்கு வரும் நீர் சிலாங்கூர், லங்காட், கிள்ளான் ஆறுகளிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது சிலாங்கூர் ஆற்றுப் படுகையினுடையது. இந்த ஆறுகள் தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கின்றன. அந்த மலைகள் பெரும்பாலும் கருங்கல், அதுவோ நீரில் எளிதில் கரையாது. பத்துமலைப் படிகளில் ஏறியவர்கள், இத்தனை சுண்ணாம்புக்கல்லை வைத்துக்கொண்டு தண்ணீர் எப்படி மென்மையாக இருக்கும் என்று கேட்பதுண்டு. நகரின் பெரும்பகுதிக்கு அடியிலும் சுண்ணாம்புப் பாறைதான் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் குழாய்நீர் நகருக்கு அடியிலிருந்து இறைக்கப்படுவதில்லை. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையின் ஏரியோ குவார்ட்ஸ் பாறைத் தொடரை ஒட்டிக் கிடக்கிறது. குவார்ட்ஸும் நீரில் கடினத்தைச் சேர்க்காது. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் இட்டபின் அமிலத்தன்மையைச் சரிசெய்யச் சேர்க்கும் சுண்ணாம்பு சிறிது கால்சியத்தைக் கூட்டும், அவ்வளவே. மொத்தத்தில் இங்குள்ள குழாய்நீர் பொதுவாக மென்னீர் வகையில் அடங்குகிறது. மலேசியக் குடிநீர்த் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவான 500 மில்லிகிராமுக்கு அது வெகுதூரம் கீழே. பெரும்பகுதி நீரை மூடா ஆற்றிலிருந்து பெறும் பினாங்குக்கும் இதே முடிவு பொருந்தும்.

ஆய்வுக்கூடம் வேண்டாம், அடுக்களையே இதற்குச் சான்று சொல்லும். கடின நீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மலராது, சோப்பு நுரைக்காமல் திரியும், கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு தடிமனாக ஏறும். இந்த மூன்றும் உங்கள் வீட்டில் இல்லையென்றால், கடினத்தன்மை என்ற சொல்லை விற்பனையாளர் எத்தனை முறை சொன்னாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இங்கே உண்மையில் தொல்லை தருபவை வேறு: பழைய குழாய்களிலிருந்து வரும் துருவும் வண்டலும், குளோரின் வாடை, கூரைத் தொட்டியின் அடியில் சேரும் சேறு, அடிக்கடி வரும் நீர்த்தடைகள். இவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் தொடங்குவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய பிறகு தெருவிலும் வீட்டுச் சுவருக்குள்ளும் உண்டாகின்றன. அதனால் எந்த வடிகட்டி என்பதை ஊரைக் காட்டிலும் உங்கள் வீட்டுக் குழாயும் தொட்டியுமே தீர்மானிக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், உங்கள் நீரில் இருக்கும் குறையை அந்தக் கருவி நீக்குகிறதா என்பது. இல்லாத குறையை நீக்கும் கருவி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் வீண்செலவுதான். இரண்டாவது, ஐந்து ஆண்டுக்கான முழுச் செலவு; வாங்கும் விலையைவிட, வடிகட்டிக்குள் மாற்றிப் போடும் உருளைகளும் பராமரிப்பும் பல வீடுகளில் அதிகமாகிவிடுகின்றன. மூன்றாவது, பராமரிப்பை யார் செய்வார் என்பது. மாற்றப்படாத வடிகட்டி, வடிகட்டியே இல்லாததைவிட மோசமாக இருக்கக்கூடும், ஏனெனில் அது நுண்ணுயிர்கள் குடியேறும் இடமாகிவிடுகிறது. நான்காவது, நீர்த்தடை வந்து மீளும்போது அது என்ன ஆகிறது என்பது. கடைசியாக, வீடு சொந்தமா வாடகையா, தரைவீடா கொண்டோவா என்பது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், மீட்டரை ஒட்டி வெளியே இருக்கும் குழாயிலிருந்து ஒரு வெள்ளை வாளியிலும், சமையலறைக் குழாயிலிருந்து இன்னொரு வெள்ளை வாளியிலும் நீர் பிடித்து அருகருகே வையுங்கள். வெளிவாளியும் மஞ்சளாக இருந்தால் தெருக்குழாயில் குறை. வெளிவாளி தெளிவாகவும் உள்வாளி மஞ்சளாகவும் இருந்தால், சுவருக்குள் ஓடும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கிறது. கறுப்புப் பொடி படிந்தால் மாங்கனீசாக இருக்கலாம், பழைய ரப்பர் வளையம் தேய்ந்து உதிர்வதும் உண்டு. பால்போல் வெளுத்து வந்து, ஒரு நிமிடத்தில் அடியிலிருந்து தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

## கொதிக்கவைத்தல் மட்டும்

நம் அம்மாக்களும் பாட்டிகளும் செய்துவந்த முறை இதுதான். இன்றும் பல வீடுகளுக்கு இதுவே போதும். நீர் நன்றாகத் தளதளவென்று கொதித்தால் நோய் தரும் நுண்ணுயிர்கள் மடியும், குளோரின் வாடையும் பெருமளவு போய்விடும். ஆனால் துரு, வண்டல், பித்தளை இணைப்புகளிலிருந்து கசியும் ஈயம் ஆகியவற்றைக் கொதிநீர் ஒன்றும் செய்யாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க மின்கெட்டிலுக்கு ஏறத்தாழ 0.1 யூனிட் மின்சாரம் பிடிக்கும். நாளுக்கு ஐந்து லிட்டர் என்றால் மாதத்துக்கு 15 யூனிட்; சில ரிங்கிட்டில் முடிந்துவிடும். மறைசெலவு நேரமும், ஆறவைக்கும் பாத்திரத்தின் சுத்தமும்தான். கொதித்த நீரில், நுண்ணுயிர்களைத் தடுக்கும் குளோரின் காவல் இல்லாததால், மூடாத குடத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துக் குடிப்பது நல்லதல்ல. வாளிச் சோதனையில் நீர் தெளிவாக வந்த வீட்டில், சில பேர் மட்டுமே இருந்தால், இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து. வேறு எந்தக் கருவி வைத்திருந்தாலும் கைக்குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளி ஆகியோருக்கான நீரைக் கொதிக்கவைத்தே தர வேண்டும்.

## வாசலில் வைக்கும் மணல் வடிகட்டி

மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் அந்த உயரமான உருளைதான் கோலாலம்பூர்த் தாமான்களில் அதிகம் விற்பது. வீட்டுக்குள் நுழையும் எல்லா நீரையும் வடிக்கும். வண்டலையும் துருத்தூளையும் பிடித்து, துணி மஞ்சளாவதையும் நீர்ச்சூடேற்றியிலும் சலவை இயந்திரத்திலும் சேறு அடைப்பதையும் குறைக்கிறது. விலை சில நூறு ரிங்கிட்டிலிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டியும் போகிறது. வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை எதிர்த்திசையில் நீரைச் செலுத்திக் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் நூறு லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகும். உள்ளிருக்கும் மணலையும் சில ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சவ்வு வடிகட்டி எனப்படும் யு.எஃப். வகை இன்னும் நுண்ணியது. அதன் துளைகள் 0.01 மைக்ரான் அளவில் இருப்பதால் பாக்டீரியாவையும் தடுக்கும். ஆனால் அழுத்தம் குறைவான தெருவில் மேல்மாடிக் குளியலறைக்கு நீர் மெதுவாகவே ஏறும்.

இதில் விற்பனையாளர்கள் சொல்லாமல் விடும் இரண்டு செய்திகள் இருக்கின்றன, இரண்டும் முக்கியமானவை.

ஒன்று, உருளைக்குள் மணலோடு கரித்துகளும் கலந்து விற்பது. கரி குளோரினை உறிஞ்சிவிடும். குளிக்கும்போது வாடை இல்லை என்று வீட்டார் மகிழ்வர். ஆனால் மலேசிய வீடுகளில் குளியலறைக்குப் போகும் நீர் பெரும்பாலும் கூரைத் தொட்டியில் தங்கிவிட்டே இறங்குகிறது. குளோரினை வாசலிலேயே எடுத்துவிட்டால், வெயிலில் சூடேறும் அந்தத் தொட்டியில் நுண்ணுயிர்களைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று தரநிலை சொல்வதே, குழாயின் கடைசி முனை வரை காவல் வேண்டும் என்பதற்காகத்தான். எனவே வாசலில் மணலோ சவ்வோ மட்டும் போதும், கரியைச் சமையலறைக்கு ஒதுக்குங்கள்.

மற்றது வாளிச் சோதனையோடு தொடர்புடையது. துரு வீட்டுக்குள் இருக்கும் பழைய இரும்புக் குழாயிலிருந்து வருமானால், மீட்டரருகே நிற்கும் வடிகட்டி அதைத் தொடவே முடியாது. அந்தப் பணத்தைக் குழாயை மாற்றுவதில் போடுவதுதான் முறை. செந்தூல், செராஸ் போன்ற பகுதிகளின் பழைய தொடர்வீடுகளில் இந்தக் குறை சாதாரணம். பிளம்பரிடம் மதிப்பீடு கேட்காமல் வடிகட்டி விற்பவரிடம் ஆலோசனை கேட்டால் எந்தப் பதில் வரும் என்பது தெரிந்ததே.

## சமையலறைக் கரி வடிகட்டி

குழாய் முனையிலோ சிங்க்கின் அடியிலோ பொருத்தும் சிறு கருவி. பீங்கான் உருளை, கரி உருளை அல்லது இரண்டும் சேர்ந்தது. குளோரின் வாடையும் மிச்ச வண்டலும் போகும், தேநீரின் மணம் தெளிவாகத் தெரியும். ஈயமும் குறைய வேண்டுமென்றால், அமெரிக்கத் தரச்சான்று அமைப்பான என்.எஸ்.எஃப். தரும் 53 என்ற சான்று ஈயத்துக்கென்றே இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். என்.எஸ்.எஃப். 42 என்ற எண், சுவையையும் வாடையையும் மட்டுமே குறிக்கும். கடையில் இந்த இரண்டையும் ஒன்றுபோலவே காட்டுவார்கள்.

தரைவீடுகளில் சமையலறைக் குழாய் பெரும்பாலும் தொட்டியைத் தொடாமல் தெருக்குழாயிலிருந்து நேரடியாக வருகிறது என்பது இந்தத் தேர்வுக்குப் பெரும் பலம். கருவியின் விலை ஐம்பது ரிங்கிட்டிலிருந்தே தொடங்கும், வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். மறைசெலவு உருளைகளே: ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை மாற்றியாக வேண்டும். பெயரில்லாத மலிவுக் கருவியை வாங்கினால், அடுத்த ஆண்டு அதே அளவு உருளை கிடைக்காமல் கருவியையே வீச நேரிடும்.

## ஆர்.ஓ.

அழுத்தம் கொடுத்து மிக நுண்ணிய சவ்வின் வழியே நீரைத் தள்ளி, கரைந்த உப்புகளையும் பிரித்துவிடும் முறை இது. கரைந்த உப்பு மிகுந்த நீருக்கென்றே பிறந்தது. இந்தியத் தரநிலை மொத்தக் கரைபொருளை 500 மில்லிகிராமுக்குள் வைத்திருப்பது நல்லது என்கிறது. அதைத் தாண்டும் ஆழ்துளைக் கிணறு இருக்கும் சென்னை வீட்டுக்கு ஆர்.ஓ. நியாயமான தீர்வு. கோலாலம்பூர்க் குழாய்நீரில் கரைபொருள் பெரும்பாலும் நூறைத் தொடுவதில்லை. எடுக்க வேண்டிய உப்பே இல்லாத நீரில் உப்பெடுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறோம்.

விற்பனையாளர் இதை மறைக்கும் வித்தை சுவையானது. இரண்டு குவளைகள், ஒன்றில் குழாய்நீர், மற்றதில் ஆர்.ஓ. நீர். மின்கம்பிகளை நுழைத்துச் சுவிட்சைப் போட்டதும் குழாய்நீர் பழுப்பாகத் திரிகிறது, ஆர்.ஓ. நீர் அப்படியே நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அந்தப் பழுப்பு, கம்பியின் இரும்பே கரைந்து உண்டான துரு. நீரில் சிறிதளவு தாது இருந்தால்தான் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. நீரில் பாயாததால் கம்பி கரையவில்லை. ஆர்.ஓ. குவளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகிவிடும். கரைபொருள்மானியில் 60 என்ற எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவதும் இதே வகைதான். அந்த எண் நச்சை அளப்பதில்லை. கால்சியமும் மக்னீசியமும் அதில் அடக்கம்.

செலவுக்கு வருவோம். முன்வடிகட்டிகளை ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள்ளும், சவ்வை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும். பழைய வகைக் கருவிகள் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டரைக் கழிக்கின்றன. பத்து லிட்டர் பயன்படுத்தும் வீட்டில் மாதம் 900 லிட்டர் வீணாகும். 2024 பிப்ரவரிக் கட்டணப்படி முதல் 20 கனமீட்டருக்குக் கனமீட்டர் 65 சென்தான் என்பதால், பண அளவில் இது ஒரு ரிங்கிட்டைக்கூடத் தொடாது. ஆகவே கழிவுநீரைக் காட்டி ஆர்.ஓ.வை விலையுயர்ந்தது என்று சொல்வது நேர்மையாகாது. நீர்த்தடை நாட்களில் தொட்டியில் மிஞ்சிய நீரிலும் நான்கு லிட்டருக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கக் கிடைக்கும் என்பதுதான் வருத்தமான கணக்கு. பற்களுக்காக 0.4 முதல் 0.6 மில்லிகிராம் வரை சேர்க்கப்படும் ஃபுளோரைடையும் ஆர்.ஓ. எடுத்துவிடும் என்பதைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டார் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கிணற்றுநீரையோ ஆழ்துளை நீரையோ நம்பியிருக்கும் வீட்டிலும், மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்ன இடத்திலும் ஆர்.ஓ. தான் சரி. மற்ற இடங்களில் அது தேவைக்கு மிஞ்சியது.

## நீரை மென்மையாக்கும் கருவி

பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மாதந்தோறும் மூட்டை உப்புப் போட்டுப் பிசினைப் புதுப்பிக்க வேண்டும். சிகாகோ மகனுக்கு இது பயன்படும், நமக்குப் பயன்படாது. ஏற்கெனவே மென்மையான நீரை மேலும் மென்மையாக்கினால் குளித்தபின் சோப்பு போகாததுபோல் வழுவழுப்பு மிஞ்சும். கோலாலம்பூர்க் குழாய்நீருக்கு இது பொருந்தும் சூழல் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

## வாடகைக் குடிநீர் இயந்திரம்

சூடாகவும் குளிர்ந்தும் நீர் தரும் இந்த இயந்திரங்கள் ஐந்து முதல் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வருகின்றன. மாதம் 100 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தாண்டில் 6,000 ரிங்கிட். உள்ளே இருப்பது மேலே சொன்ன கரியோ சவ்வோ ஆர்.ஓ.வோதான். ஆனால் பணியாளர் குறித்த நாளில் வந்து வடிகட்டியை மாற்றிவிட்டுப் போகிறார் என்பதைக் குறைத்து மதிக்க மாட்டேன். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில், மறதி என்ற ஆபத்தை அது நீக்குகிறது. கையெழுத்திடும் முன் படிக்க வேண்டியவை, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் கட்ட வேண்டிய தொகை, வீடு மாறினால் இடமாற்றக் கட்டணம், தவணை முடிந்தபின் பராமரிப்பு யார் பொறுப்பு என்பவை.

## நீர் விற்கும் இயந்திரமும் பாட்டிலும்

கடைவரிசைகளில் நிற்கும் இயந்திரங்களுக்குச் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். அது ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லிட்டர் 20 சென் என்றால் குழாய்நீரைப்போல் முந்நூறு மடங்கு விலை. பாட்டில் நீர் ஆயிரம் மடங்கைத் தாண்டும். கொண்டுபோகும் கலனைத் தேய்த்துக் கழுவாவிட்டால் வடித்ததில் பயனில்லை. நீர்த்தடை நாட்களுக்கும் சில மாதம் மட்டும் தங்கும் மாணவர்களுக்கும் இது சரி.

## ஒரே பார்வையில்

| தேர்வு | நீக்குவது | நீக்காதது | தொடர்செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| கொதிக்கவைத்தல் | நுண்ணுயிர், குளோரின் | துரு, ஈயம் | மிகக் குறைவு | தெளிந்த நீர் வரும் வீடு |
| வாசல் மணல் அல்லது சவ்வு | வண்டல், துருத்தூள் | வீட்டுக்குள் உண்டாகும் துரு | நடுத்தரம் | சொந்தத் தரைவீடு, தெருக்குழாய்க் குறை |
| சமையலறைக் கரி | குளோரின், வாடை. சான்றிருந்தால் ஈயம் | கரைந்த உப்பு | குறைவு | ஏறக்குறைய எல்லா வீடும் |
| ஆர்.ஓ. | கரைந்த உப்பு உட்படப் பெரும்பாலானவை | – | அதிகம் | கிணற்றுநீர், மருத்துவத் தேவை |
| மென்மையாக்கி | கடினத்தன்மை | மற்றவை | நடுத்தரம் | இங்கே இல்லை |
| வாடகை இயந்திரம் | உள்ளிருக்கும் வடிகட்டியைப் பொறுத்தது | அதுவே | மிக அதிகம் | பராமரிக்க ஆளில்லாத வீடு |
| இயந்திர நீர், பாட்டில் | கரைந்த உப்பு வரை | – | அதிகம் | தற்காலிகத் தேவை |

## நீர்த்தடை வரும்போது

2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் வாடை மாசு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்டன. அத்தகைய நேரத்தில் எந்த வடிகட்டியும் உதவாது, குழாயில் தண்ணீரே வராது. சேமித்து வைத்த நீர்தான் கைகொடுக்கும், ஆகவே தொட்டியின் கொள்ளளவும் சுத்தமும் வடிகட்டியின் பெயரைவிடப் பெரியவை. விநியோகம் மீண்டதும் முதலில் பாய்வது குழாய்ச் சுவரிலிருந்து பெயர்ந்த பழுப்பு நீர். அதை வடிகட்டிக்குள் விடாமல், வெளிக்குழாயைத் திறந்து தெளியும் வரை ஓடவிட்டு, பிறகே உள்வால்வைத் திறக்க வேண்டும். அந்தப் பழுப்பில் சில நிமிடம் ஓடினாலே புதிய உருளை அடைத்துக்கொள்ளும்.

## யாருக்கு எது

சொந்தத் தரைவீட்டில், தெருக்குழாயிலிருந்தே மஞ்சள் நீர் வந்தால், கரி கலக்காத மணல் வடிகட்டியை வாசலிலும் கரி வடிகட்டியைச் சமையலறையிலும் வையுங்கள். வாங்கும் கருவிக்குத் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் ஒப்புதல் இருக்கட்டும். உள்குழாய் துருவென்றால் முதலில் குழாயை மாற்றுங்கள். வாடகை வீட்டில், சுவரைத் துளைக்காத பீங்கான் வடிகட்டியும் கெட்டிலும் போதும்.

கொண்டோவில் நிலைமை வேறு. அங்கே சமையலறை உட்பட எல்லாக் குழாய்களுக்கும் நீர், தரைமட்டத் தொட்டியிலிருந்து மேலேற்றப்பட்டு மொட்டைமாடிப் பொதுத் தொட்டி வழியாகவே இறங்குகிறது. தனி வீட்டுக்கு வாசல் வடிகட்டி வைக்க இடமும் இருக்காது, மேல்தளங்களில் அழுத்தமும் போதாது. சமையலறையில் ஒரு கரி வடிகட்டியோடு நிறுத்திக்கொண்டு, பொதுத் தொட்டிகள் கடைசியாக எப்போது கழுவப்பட்டன, அதற்கான ரசீது எங்கே என்று நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டும் ஒவ்வொருவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுப்பக்கூடிய கேள்வி அது, தொட்டி கழுவும் செலவு வீட்டுக்கு வீடு பிரித்தால் சில ரிங்கிட்டுக்கு மேல் போகாது.